உச்சிக்கிளைக் கணக்கு

உலகத்தில் பூச்சியும் சிலந்தியும் சேர்ந்த கணுக்காலி வகை மொத்தம் எத்தனை என்ற கேள்விக்குப் பழைய கட்டுரைகள் பலவும் தரும் விடை 3 கோடி. இந்த எண் பிறந்த ஊர் பனாமா. லூஹியா சீமன்னி என்ற ஒரே ஒரு மரவகையிலிருந்து பிறந்தது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வண்டு ஆய்வாளர் டெர்ரி எர்வின், அந்த வகையில் 19 மரங்களுக்குப் பருவம் மாற்றி மாற்றிப் பூச்சிமருந்துப் புகை போட்டார். கீழே விழுந்ததைத் தரம் பிரித்து அவர் போட்ட கணக்கில் வண்டுகள் மட்டும் 1,100 வகைக்கு மேல்.

மீதியெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கு. இந்த வண்டுகளில் இந்த மரத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவை 163 என்று வைத்துக்கொள்வோம். வெப்பமண்டலத்தில் மரவகைகள் 50,000. பெருக்கினால் வண்டு மட்டும் 81.5 லட்சம். கணுக்காலிகளில் 40 சதவீதம் வண்டு என்றால் மொத்தம் ஏறத்தாழ 2 கோடி. தரையில் இருப்பவை உச்சியில் இருப்பவற்றில் பாதி என்று அதையும் சேர்த்தால் 3 கோடி. 1982இல் வண்டியல் இதழ் ஒன்றில் இரண்டே பக்கத்தில் வந்தது இந்தக் கட்டுரை. ஓர் ஏக்கர் பனாமாக் காட்டில் எத்தனை வகை இருக்கும் என்று தாவரவியலாளர் பீட்டர் ரேவன் கேட்டதற்குப் பதிலாகத் தொடங்கியதாம்.

எனக்கு இந்தக் கட்டுரை மேல் ஒரு பிரியம் உண்டு. இதில் எத்தனை ‘வைத்துக்கொள்வோம்’ என்று எண்ணிப் பார்க்க முடிகிறது, எதையும் மூடி மறைக்கவில்லை. அந்த 163 எப்படி வந்தது? இலை தின்னும் வண்டில் 20 சதவீதம், பூஞ்சை தின்பதில் 10, வேட்டையாடுவதிலும் மக்கியதைத் தின்பதிலும் 5 சதவீதம் அந்த மரத்துக்கே உரியவை என்று அவர் ஊகித்தார். இது ஊகம்தான், சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னார். செய்தித்தாள்கள் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டன.

*

புகை போடும் முறை. நம் தெருவில் கொசுமருந்து அடிக்கும் அதே வகை எந்திரம்தான். விடியற்காலையில் செய்ய வேண்டும். காற்று அசைந்தால் புகை அடுத்த மரத்துக்குப் போய்க் கணக்கே குழம்பிவிடும். மருந்து பைரித்ரம், சாமந்திக்கு உறவான ஒரு பூவிலிருந்து எடுப்பது. வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் இதைத் தேர்ந்தார்கள். மரத்தடியில் துணிப் புனல்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் ஆல்கஹால் குப்பி. புகை ஏறிய சில நிமிடங்களில் துணியில் சடசடவென்று சத்தம் கேட்கத் தொடங்கும்.

எது விழாது என்பதுதான் முக்கியம். இலையின் இரண்டு தோலுக்கு நடுவே சுரங்கம் தோண்டி வாழும் புழு விழாது. பட்டைக்கு அடியில் இருப்பது விழாது. பாசிமெத்தைக்குள் இருக்கும் சிற்றுண்ணி, பொந்துத் தண்ணீரில் நெளியும் புழு, இரண்டும் விழாது. நன்றாகப் பறப்பது தப்பித்துவிடும். செத்தும் இலை மேலேயே தங்கிவிடுவது கொஞ்சம். ஆகப் புகையால் கிடைக்கும் காடு ஒன்று. விளக்குப் பொறியால் கிடைப்பது இன்னொன்று. கையால் பாசியைப் பிய்த்து எடுத்தால் கிடைப்பது மூன்றாவது. மரம் என்னவோ ஒன்றுதான்.

*

3 கோடியைக் கீழே இறக்கியவர்களில் வோய்டெக் நோவோட்னி முக்கியமானவர். செக் நாட்டுக்காரர். பாப்புவா நியூ கினியில் 51 தாவர வகைகளில் இலை தின்னும் பூச்சிகளை வளர்த்தும் பார்த்தும், எது எதைத் தின்கிறது என்று பதிவு செய்தார்கள். ஒரு மரத்தையே நம்பியிருக்கும் பூச்சி எர்வின் நினைத்ததைவிடக் குறைவு. உறவுக்கார மரங்கள் நாலைந்தில் ஒரே பூச்சி மேய்கிறது. 2002இல் அவர்கள் சொன்ன மதிப்பீடு 40 முதல் 60 லட்சம். 2015இல் நைஜல் ஸ்டார்க் வேறு வழிகளில் கணக்குப் போட்டுக் கணுக்காலிகள் மொத்தம் 68 லட்சம் என்றார்.

கோடியிலிருந்து லட்சத்துக்கு இறங்கியதைச் சிலர் தோல்வி என்று எழுதினார்கள். எர்வின் 3 கோடி என்று சொல்லாமல் போயிருந்தால் நியூ கினியில் இலையும் கையுமாக யார் உட்கார்ந்திருப்பார்கள்?

*

உச்சிக்குப் போனவர்கள் பட்டியலில் எனக்குப் பிடித்தவர் மேஜர் ரிச்சர்ட் ஹிங்ஸ்டன். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், 1924 எவரெஸ்ட் குழுவின் மருத்துவர், எறும்புப் பைத்தியம். 1929இல் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைவர். மரத்துக்கு மேல் கயிற்றைச் சுடும் துப்பாக்கி கொண்டுபோனார்கள். கிளைகளில் பொறிகளைத் தொங்கவிட்டு, தரையில் கிடைப்பதும் மேலே கிடைப்பதும் வேறு வேறு என்று காட்டினார்கள்.

சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தில் இருந்த காரனர் வேறு வழி பார்த்தார். மலாய்க் கிராமங்களில் தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளை வாங்கி, 1930களின் பிற்பகுதியில் உச்சிக்கிளைகளிலிருந்து பூவும் காயும் பறித்துப் போடப் பழக்கினார். பூச்சிக் கணக்கில் இது வராது. ஆனாலும் மேலே ஏறத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுத்த மனிதர் என்பதால் குறித்து வைக்கிறேன்.

பிறகு வந்தவை: டொனால்டு பெர்ரியின் கயிறுகள், மெக் லோமனின் நடைபாலங்கள், ஃபிரான்சிஸ் ஹாலேயின் தெப்பம் (1986இல் ஃபிரெஞ்சு கயானாவில் ஆகாயக் கப்பல் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தலைகள் மேல் விரித்தது), 1990இல் பனாமா நகரத்துப் பூங்காவில் ஆலன் ஸ்மித் நிறுத்திய கட்டுமானக் கிரேன். படங்கள் அழகாக இருக்கும். சாகசக் கதைகள் நிறைய. அவை என்னை அலுக்கச் செய்கின்றன. ஏறியவர் படம் இருக்கும், கொண்டுவந்த குப்பியில் என்ன இருந்தது என்பது இருக்காது.

*

மர உச்சிக்கு ஆள் அனுப்பப் பணம் வந்த வழிகளில் ஒன்று பயம். 1936இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உகாண்டாவின் என்டெபியில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வகம் தொடங்கியது. காய்ச்சல் காட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட, மரங்களில் மேடை கட்டி, கூண்டில் ரீசஸ் குரங்குகளை வைத்தார்கள். பக்கத்துக் காட்டின் பெயர் ஜிகா. 1947 ஏப்ரலில் ஒரு குரங்குக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிடைத்தது மஞ்சள் காய்ச்சல் கிருமி அல்ல, புதிய ஒன்று. அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே காட்டில் மேடைகளில் பிடித்த ஈடிஸ் ஆப்பிரிக்கானஸ் கொசுக்களிலும் அதே கிருமி இருந்தது. காட்டின் பெயரே கிருமிக்கு வந்தது. எழுபது ஆண்டு கழித்து பிரேசில் செய்திகளில் அந்தப் பெயரைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மரமேடையிலிருந்து இறங்கியது என்று தெரிந்திருக்கும்?

கொசுக்கள் மாடிவாரியாகக் குடியிருக்கின்றன. தரையில் ஒரு கூட்டம், நடுவில் ஒன்று, வெயில் படும் உச்சியில் வேறொன்று, நேரமும் மாறும். கொலம்பியாவில் ஹோர்ஹே போஷெல் என்ற மருத்துவர், விறகுவெட்டிகள் மரத்தைச் சாய்த்தபோது நீலநிறக் கொசுக்கள் அவர்களை மொய்ப்பதைப் பார்த்தார். உச்சியில் குரங்குகளைக் கடித்துக்கொண்டிருந்தவை, மரம் சாய்ந்ததும் மனிதன் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டன. காட்டுக்குள் மஞ்சள் காய்ச்சல் பரவும் வழி இப்படித் தெளிந்தது. இதே போஷெல்தான் பின்னாளில் கியாசனூர் காட்டுக் காய்ச்சலை ஆராயக் கர்நாடகத்துக்கு வந்தார்.

*

எறும்பு. எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன், பெருவின் தம்போபாட்டாக் காட்டில் எர்வின் புகைபோட்டு எடுத்த சரக்கைப் பார்த்து 1987இல் எழுதினார். ஒரே மரத்தில் 43 வகை எறும்பு, 26 பேரினம். பிரிட்டிஷ் தீவுகள் முழுதும் சேர்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. மழைக்காட்டு உச்சியில் எறும்பின் மொத்த எடை, அது வேட்டையாடித் தின்னக்கூடிய இரைகளின் எடைக்கு ஈடாகவோ கூடுதலாகவோ இருக்கிறது. வேட்டைக்காரன் இரையைவிட அதிகம் இருக்க முடியாதே? 2003இல் டயான் டேவிட்சன் குழு எறும்பு உடலின் நைட்ரஜனை அளந்து விடையைக் கண்டது: உச்சி எறும்புகளில் பெரும்பாலானவை மறைமுக சைவம். செடியின் சாறை உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புநீரையும், செடியே கசியும் தேனையும் குடித்து வாழ்பவை. மாமரத்தில் முசுறு செதில்பூச்சிகளைக் காவல் காப்பதைப் பார்த்த நம் விவசாயிக்கு இது புதிதாக இருக்காது.

பெருவில் ஸ்டீபன் யனோவியாக் கொசு ஆய்வுக்காக உச்சியில் உட்கார்ந்திருந்தபோது, மேலே ஏறிய எறும்புகளைத் தட்டிவிட்டார். விழுந்தவை நேராகத் தரைக்குப் போகவில்லை. காற்றில் திரும்பி, பின்பக்கத்தை முன்னே நீட்டி, அதே மரத்தின் தண்டில் போய் ஒட்டின. செஃபலோடஸ் அட்ராடஸ் என்ற வகை. 2005இல் கட்டுரை வந்தது. இறக்கை இல்லாத எறும்புக்கு இந்த வித்தை எதற்கு? முப்பது மீட்டர் கீழே விழுந்தால் வழி தெரியாது. மழைக்காலத்தில் கீழே தரையே இருக்காது, வெள்ளம்தான்.

*

கிளை மேல் மண் இருக்கிறது. உதிர்ந்த இலையும் செத்த பாசியும் காற்றில் வந்த தூசியும் சேர்ந்து கிளைகளின் கவட்டில் கறுப்பாகக் குவிந்து கிடக்கும். நளினி நட்கர்னி 1981இல் அமெரிக்காவின் ஒலிம்பிக் தீபகற்பத்து மேப்பிள் மரங்களில் இன்னொன்றையும் காட்டினார்: மரம் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு அந்த மண்ணைத் துழாவுகிறது. மழைக்காட்டில் ஏறிய பலரும் அதற்கு முன்பே அந்த வேர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மண்ணில் சிற்றுண்ணி, துள்ளும் நுண்பூச்சி, எறும்பு, வண்டின் புழு, மரவட்டைச் சாதி எல்லாம் உண்டு. பிரித்தெடுக்கும் கருவி நூறாண்டுக்கு மேல் பழையது: இத்தாலியின் பெர்லீஸ் 1905இல் செய்த புனல். வலை மேல் மண்ணைப் போட்டு மேலே வெப்பம் கொடுத்தால், உள்ளிருப்பவை ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி ஆல்கஹாலில் விழும். பின்னாளில் ஸ்வீடனின் டுல்க்ரென் மின்விளக்கு வைத்தார். அதற்கு மேல் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் பெரணி மெத்தைகளுக்குள் கோபிபாட் இருக்கிறது. குளத்திலும் கடலிலும் நீந்த வேண்டிய ஓட்டுடலி, தரையிலிருந்து பல பத்து மீட்டர் உயரத்தில்! எப்படி ஏறியது என்பதற்கு ஆளுக்கொரு ஊகம்.

ஒரு சங்கடம். பாசிமெத்தையைப் பிய்த்தால் திரும்ப வளரக் காலம் ஆகும். கோஸ்டாரிகாவின் மாண்டிவெர்டேயில் நட்கர்னி சுரண்டிவிட்டுக் காத்திருந்த கிளைகள் பத்தாண்டு கழித்தும் முழுதாக மூடவில்லை. அமெரிக்க வடமேற்கில் பூக்கடைக்காரர்களுக்காக மூட்டை மூட்டையாகப் பாசி உரிக்கிறார்கள். பாசியைப் பயிராக வளர்க்க முடியுமா என்று அறிய அவர் வாஷிங்டன் மாநிலச் சிறை ஒன்றின் கைதிகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். வேறு யாரிடம் அவ்வளவு பொறுமையும் நேரமும் இருக்கிறது என்பது அவர் வாதம்.

*

சான் லோரென்சோ, பனாமா. எனக்குத் தெரிந்த அளவில் ஒரு காட்டை உச்சி முதல் வேர் வரை நேர்மையாக எண்ணிய முயற்சி இதுதான். இவ் பாசே முன்னின்றார். 2003, 2004இல் கிரேன், பலூன், கயிறு, புகை, மண்தோண்டல் என்று கைக்கு வந்த முறை எல்லாம். ஆய்வாளர்கள் 102 பேர். நிலம் மொத்தம் 0.48 ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் குறைவு. கிடைத்தது 1,29,494 உயிர்கள், 6,144 வகைகள். 6,000 ஹெக்டேர் காட்டுக்கும் சேர்த்து 25,000 வகை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஒரே ஹெக்டேரில் அதில் பாதிக்கும் மேல் கிடைத்துவிடும். காட்டில் உள்ள ஒவ்வொரு பாலூட்டி வகைக்கும் 312 வகைக் கணுக்காலி.

கட்டுரை வந்தது 2012இல். மரமேறியது இரண்டு வருடம், மேசையில் உட்கார்ந்தது எட்டு வருடம். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உச்சி எட்டாத இடம் என்பது பழைய கதை, கயிறும் கிரேனும் அதைத் தீர்த்துவிட்டன. எட்டாமல் இருப்பது மேசை. ஒரு சிற்றுண்ணியைக் கையில் கொடுத்தால் இது இன்னது என்று சொல்லக்கூடியவர் ஒரு நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருப்பார். அவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போட மாட்டார்கள். கிரேனுக்குப் பணம் கேட்டால் கிடைக்கும். நுண்ணோக்கிக்குப் பின்னால் இருபது வருடம் உட்காரப்போகிறவருக்குச் சம்பளம் கேட்டுப் பாருங்கள்.

*

பாப்புவா நியூ கினியில் நோவோட்னியின் மதாங் நிலையத்தில் இந்த ஆள் பஞ்சத்துக்கு ஒரு வழி செய்தார்கள். கிராமத்துக்காரர்களைப் பயிற்றுவித்து, பிடிப்பது, வளர்ப்பது, முதல் தரம் பிரிப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டார்கள். பட்டம் கிடையாது, மரத்தின் பெயரும் புழுவின் பழக்கமும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நம் பக்கத்தில் இதற்கு நேர்ச்சான்று மரநண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பகுதியில், பெரிய மரங்களின் பொந்துகளில் தேங்கும் தண்ணீரில் வாழ்கிறது. அங்குள்ள பழங்குடியினரான காணிக்காரர்களுக்குப் பழக்கமானது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நண்டு ஆய்வுக் குழுவுக்கு அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. 2017இல் பெயர் வைத்தபோது காணி மரஞண்டு என்று அவர்கள் பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம். பாபநாசம் மலையில் இந்தப் பக்கமும் காணிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நண்டைத் தவிர மற்றவற்றையும் கேட்டவர் உண்டா?

களக்காடு முண்டந்துறையின் காக்காச்சியில் கயிறு கட்டி ஏறிய வேலை நடந்திருக்கிறது. கணேஷ், சௌபத்ரா தேவி, பிரியா தாவீதார் ஆகியோரின் கட்டுரைகளில் அந்தக் காட்டு மரங்களின் பூக்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று படிக்கலாம். வெடிப்பலாவுக்கு வௌவாலும் குரங்கும் அணிலும் வருகின்றன. இரண்டு பருவமழையும் கொட்டும் இடம். ஈரக்கயிறு, வழுக்கும் பட்டை, அட்டை. மழை உச்சத்தில் இருக்கும்போது ஏற முடியாது. அதனால் அந்த மாதங்களில் மேலே என்ன நடக்கிறது என்ற கட்டம் எந்தப் பட்டியலிலும் மெலிந்துதான் இருக்கும்.

*

மரமே ஏறாமல் எண்ணலாம் என்கிறது புதுமுறை. பூச்சி தின்ற இலையில் அதன் எச்சிலோ எச்சமோ ஒட்டியிருக்கும். அதிலுள்ள டிஎன்ஏவைப் படித்தால் போதும். ஜெர்மனியில் மாசு அளப்பதற்காக 1980கள் முதல் மர இலைகளைத் திரவ நைட்ரஜனில் சேமித்து வருகிறார்கள். ட்ரியர் பல்கலைக்கழகத்தின் ஹென்ரிக் கிரேஹன்விங்கல் குழு 2022இல் அந்த இலைகளிலிருந்தே முப்பது ஆண்டுப் பூச்சி வரலாற்றைப் படித்தது. வகைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இதே குழு கடையில் விற்கும் தேயிலைப் பையையும் சோதித்தது. அதிலும் பூச்சிகளின் டிஎன்ஏ ஏராளம்.

நல்ல முறை. பூச்சியும் சாகாது. ஆனால் படித்த வரிசைக்கு எதிரே எழுதப் பெயர் வேண்டும் என்றால், அந்தப் பூச்சியை யாரோ ஒருவர் முன்பே பிடித்து, பார்த்து, பெயரிட்டு, டிஎன்ஏ எடுத்து வைத்திருக்க வேண்டும். சுற்றி வந்தால் மறுபடி அதே மேசை.

*

லேபிள். பென்சிலில் எழுத வேண்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். குப்பிக்கு வெளியே ஒட்டக்கூடாது, உள்ளே போட வேண்டும். தேதி, இடம், மரத்தின் எண், உயரம், கிளையின் உள்பக்கமா நுனியா, எடுத்த முறை. உயரம் எழுதாத குப்பியைத் தரையில் பொறுக்கியதாகவே வைத்துக்கொள்ளலாம்.

*

நீர்க்கரடி மட்டும் இந்தச் சிரமம் எதுவும் வைப்பதில்லை. எட்டுக்கால், பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள், பாசியிலும் லைக்கனிலும் வாசம். 1773இல் ஜெர்மானியப் பாதிரியார் கோட்ஸ, தண்ணீர்க்கரடி என்று எழுதியதிலிருந்து வந்த பெயர். காய்ந்தால் காலை உள்ளிழுத்து உருண்டுகொண்டு உயிரை நிறுத்திவைக்கும். ஈரம் பட்டால் எழுந்து நடக்கும். ஆகவே மாதிரி எடுக்க ஆல்கஹால் வேண்டாம், ஒரு காகித உறை போதும். பிளாஸ்டிக் பை ஆகாது, பூஞ்சை பிடிக்கும். இரவு ஊறவைத்து, காலையில் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் பேக்கர் பல்கலைக்கழகத்தின் ராண்டி மில்லரும் மெக் லோமனும் சேர்ந்து, சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவர்களைக் கயிற்றில் உச்சிக்கு ஏற்றி, உயரவாரியாக நீர்க்கரடி மாதிரிகளை எடுக்க வைத்தார்கள். கயிறேற்றத்துக்கு வேண்டியது கையும் தோளும்தான், அவை அவர்களிடம் நன்றாகவே உண்டு.

செய்ய வேண்டியவை: செட்டிநாட்டுக் குழம்புக்கு வாங்கிய கல்பாசி அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. அதுவும் லைக்கன்தான், பாறையிலும் வளரும், மரப்பட்டையிலும் வளரும். ஒரு சிட்டிகை ஊறவைத்துப் பார்க்க வேண்டும். கல்லூரியில் விலங்கியல் துறையில் நுண்ணோக்கி கேட்க வேண்டும். அதற்கு முன்னால் கடைக்காரரிடம் இது எந்த மலைச்சரக்கு, மரத்தில் எடுத்ததா பாறையில் எடுத்ததா என்று விசாரிக்க வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் அவருக்குச் சரக்கு போடும் மொத்த வியாபாரி விருதுநகரில் இருக்கிறார்.